மாட்சோ அம்மாவுக்குப் போட்ட படம்

– அந்த நாற்காலில உக்காராத பெக்லியான்! முதல் வரிசை சாமிக்கு. இப்படி வா, புரொஜெக்டர் பக்கத்துல ஸ்டூல் கிடக்கு பாரு.

– மாட்சோ அம்மா கோயிலுக்குள்ளதானே இருக்கா, ஹோக்செங் அண்ணே. வாசல் வழியா அங்க இருந்தே பாத்துப்பா.

– அவ பாத்துப்பா. அவளோட காவக்காரங்க ரெண்டு பேரு? ஆயிரம் காதம் பாக்கறவன் ஒருத்தன், ஆயிரம் காதம் கேக்கறவன் ஒருத்தன், அவங்க எங்க போய் உக்காருவாங்க? முப்பத்திரண்டு வருஷமா சாமிக்குப் படம் ஓட்டறேன். மழைல ஓட்டியிருக்கேன், பாக்க ஒரு நாய்கூட இல்லாம ஓட்டியிருக்கேன். முதல் வரிசைல மனுஷங்கள விட்டதில்ல. இன்னைக்கு உங்க வீட்டுப் பூஜை மாடத்து மாட்சோ அம்மா வேற வந்து உக்காந்திருக்கா.

– எங்க வீட்டு அம்மாவா?

– நடு நாற்காலி. சிவப்புத் துணி போத்தி வெச்சிருக்கு பாரு. போக்டான் அக்கா சாயங்காலமே தூக்கிட்டு வந்துட்டாங்க. வருஷத்துல ஒரு ஊர்வலம் தவிர வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கா, பிறந்தநாளும் அதுவுமா அவளும் ஒரு படம் பாக்கட்டுமேன்னாங்க.

– அக்கா வந்திருக்காளா?

– பின்ன? சிலை தானா நடந்து வருமா? சிங்கத் தூணுக்குப் பக்கத்துல, சிப்பிக் கூடையக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்காங்க. திரும்பாத! நீ திரும்பினா எந்திரிச்சுப் போயிடுவாங்க.

– வந்துட்டா. அண்ணே, நிஜமாவே வந்துட்டா.

– சத்தியமா. அதுக்குத்தானே இந்த வேண்டுதல் எல்லாம்? என் கதை படமானா ஊர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டறேன்னு நீ வேண்டிக்கிட்டது யாருக்காகன்னு எனக்குத் தெரியாதா? தைப்பேல குளுகுளு தியேட்டருக்குக் கூப்பிட்டா உங்க அக்கா வரமாட்டாங்க. மாட்சோ அம்மா பிறந்தநாளுன்னா வந்துதானே ஆகணும்.

– நான்தான் எழுத்தாளர்னு நெனச்சிட்டு இருந்தேன். நீங்க என்னைய வரி விடாமப் படிச்சு வெச்சிருக்கீங்க.

– உன் புத்தகத்தப் படிக்கல, உன்னைப் படிச்சேன். அதுக்குக் கண்ணாடி தேவையில்ல.

– பதினோரு வருஷம் அண்ணே. புத்தகம் வந்ததுலேருந்து ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வர்றேன். மேசைல எனக்குப் பிடிச்ச சிப்பி அடை சுடச்சுட வெச்சிருப்பா. நான் உக்காந்தா அவ அடுப்படிக்குப் போயிடுவா. இன்னைக்கு இந்தப் படத்தப் பாத்தாவது, அதாவது, ஒரு வார்த்தை. திட்டினாக்கூடப் போதும். அதுக்காகத்தான் வந்தேன்.

– அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? படம் என்னமா போயிட்டிருக்கு! அங்க பாரு, அலை வத்தின சேறு. நான் பொறந்து வளர்ந்த சேறு. அதுல இப்படி ஒரு நிறம் இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. சிப்பி வளக்கக் கட்டற மூங்கில் ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. அதோட நிழலும் நிக்குது.

– நாலு மாசம் காத்திருந்து எடுத்தாராம் இயக்குநர் காவ். தினம் விடியக்காலைல பத்து நிமிஷம் வெளிச்சம். அது சரியா வரலேன்னா அன்னைக்கு எல்லாரும் வீட்டுக்கு.

– நாலு மாசமா? பத்து நிமிஷத்துக்கா? அடேயப்பா. அப்படிப்பட்டவன் கையக் கண்ணுல ஒத்திக்கணும்.

– ஆமா, கண்ணுக்கு எல்லாம் இருக்கு. பாக்கற காவக்காரனுக்கு இன்னைக்கு விருந்து. கேக்கறவன்தான் பாவம், கொட்டாவி விட்டுட்டு இருப்பான். இந்தப் படத்துல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. மனசுல எதுவும் இறங்காது.

– எழுத்தாளரம்மா, வாய மூடிட்டுக் கொஞ்சம் பாரு.

– தைப்பேல முதல் நாள் பாத்தேன். முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஆறு நிமிஷம் கை தட்டினாங்க. நான் ஒவ்வொரு முகமாப் பாத்தேன். ஒருத்தர் கண்ணும் நனையல. ஒருத்தர் மூக்கு உறிஞ்சல. வெளில வந்து, ஆகா அந்த நீலம், ஆகா அந்த மழைன்னு பேசிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போயிட்டாங்க. என் தம்பி செத்த கதை அண்ணே அது.

– எங்க ஆ-லியோங் கதை. தெரியும். எனக்கு அப்போ பத்து வயசு. எங்கப்பா கூரை மேல உக்காந்து ரெண்டு நாள் பச்சை நெத்திலி தின்னோம்.

– எனக்கு அஞ்சு. அக்காவுக்குப் பன்னெண்டு. அவனுக்கு மூணு.

– அந்தச் சிவப்பு மழைக்கோட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அவனுக்குப் பெரிசு, தரைல இழுபடும். வெயில் அடிச்சாலும் கழட்ட மாட்டான். … ஏய், அங்க பாரு! இந்தோனேசியாப் பசங்க ஸ்கூட்டர நிறுத்திட்டாங்க. மீன் பண்ணைல வேல முடிச்சு வர்றவங்க. ஒரு வார்த்தை புரியாது அவங்களுக்கு. வாயப் பொளந்துட்டுப் பாக்கறாங்க பாரு.

– வார்த்தை புரியாதவங்களுக்கு ஏத்த படம்தான்.

– உன் நாக்குல மிளகா தடவியா வளத்தாங்க? சரி, சொல்லு. அப்படி என்னத்த எடுத்துட்டான் உன் கதைலேருந்து?

– முந்நூறு பக்கம் எழுதினேன். முந்நூறும் ஒரு நிமிஷத்துக்குத்தான் போகுது. அப்பாவும் அம்மாவும் கரைல மூங்கில் கட்டப் போயிருக்காங்க. வெள்ளம் வருது. வீட்ல மூணு பிள்ளைங்க. போறதுக்கு முன்னாடி அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா, ஏதாவது ஆச்சுன்னா சாமியையும் இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுக் கோயில் மேட்டுக்கு ஓடுன்னு. பன்னெண்டு வயசுப் பொண்ணு. இடது கைல சாமி. வலது கைல தம்பி. தங்கச்சி அவ சட்டையப் பிடிச்சிட்டு பின்னாடி. தண்ணி இழுக்குது. ரெண்டு கைல ஒண்ண விட்டாத்தான் தூணைப் பிடிக்க முடியும். அவ தம்பிய விட்டுடறா.

– ம்.

– அதுதான் கதை. சாமிய விடப் பயம். அந்தப் பயத்துல தம்பிய விட்டா. நான் அவளைக் குத்தம் சொல்லவே இல்ல அண்ணே. கடைசி அத்தியாயம் பூரா மன்னிப்பு. அதாவது, அந்த வயசுல யாரா இருந்தாலும்…

– அக்கா உன்கிட்ட மன்னிப்பு கேட்டாங்களா?

– இல்ல.

– கேக்காதவங்களுக்கு ஏன் குடுத்தே?

– பேரையெல்லாம் மாத்தித்தானே எழுதினேன்.

– பேர மாத்தினே. ஊர மாத்தலியே. பஸ் வெச்சு வந்தாங்க, உன் புத்தகத்தப் படிச்சவங்க. அக்கா சிப்பி உரிச்சு விக்கற பலகைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, நீங்கதானே அந்தக் கை விட்ட அக்கான்னு கேட்டாங்க. என் காதால கேட்டேன். அக்கா சொன்ன பதில் என்ன தெரியுமா? ஆமா, எத்தனை கிலோ வேணும்னாங்க. அவ்ளோதான்.

– …இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?

– உங்கிட்ட சொன்னா அதையும் எழுதிடுவியே. … இரு, இரு. வருது. வெள்ளம் வருது. பேசாத.

– நான் பாக்கல. தைப்பேலயே பாத்துட்டேன்.

– பாருன்னா பாரு! கதவுக்கு அடில தண்ணி வருது. சத்தமே இல்லாம. சிம்னி விளக்கு அதுல தெரியுது. செருப்பு மிதக்குது. ஒண்ணு, ரெண்டு… அடேயப்பா, வீட்டுச் செருப்பெல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி வாசலப் பாத்துப் போகுது. யாரோ கூப்பிட்ட மாதிரி. சத்தியமா சொல்றேன், கை மயிரெல்லாம் நட்டுக்கிச்சு.

– அந்தச் செருப்பு வரிசைக்கு மட்டும் மூணு நாள் எடுத்தாங்க.

– முன்னோர் பலகைக்கு மேல ஒரு மீன் நீந்துது! பூஜை மாடத்துல மீன்! இத எப்படி எடுத்தான்? … கேமரா வெளில போகுது. மொத்த ஊரும் தண்ணி. மேகம் பொளந்து நிலா விழுது. எல்லாம் வெள்ளி. இது நம்ம ஊரா? நம்ம ஊர் இவ்ளோ… வார்த்தை வரல பெக்லியான்.

– அதான் அண்ணே. வார்த்தை வராது. வாய அடைச்சுடும். அழுகையும் வராது.

– ஆ-லியோங்! சிவப்புக் கோட்டு! தண்ணில குதிச்சுக் குதிச்சு ஓடறான் பாரு, சிரிச்சுக்கிட்டே. வெள்ளம்னு அவனுக்கு என்ன தெரியும்? விளையாட்டு. … அக்கா முன்னாடி. பின்னாடி தங்கச்சி, நீ. உன் கையக் காட்டறான், ரெண்டு குட்டி முஷ்டி, நீலச் சட்டை பிதுங்கி நிக்குது விரல் இடுக்குல. அம்மாடி, எவ்ளோ அழகு.

– அது என் வரி. 'என் ரெண்டு கையாலயும் அக்காவின் சட்டையைப் பிடித்திருந்தேன்.' பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்துலகூட அந்தப் பத்தியப் போட்டிருக்காங்க. இயக்குநர் படிச்சது அந்த ஒரு வரிய மட்டும்தான் போல.

– அலை! … போயிட்டான். சிவப்பு மட்டும் தெரியுது. இன்னும் தெரியுது. … இன்னும். … இல்ல. போயிடுச்சு.

– பாத்தீங்களா? அவ்ளோதான். மூணு நிமிஷம். யாரும் யார் கையையும் விடல. ஒரு அலை வந்துச்சு, எடுத்துட்டுப் போச்சு, யாருக்கும் பங்கு இல்ல. நான் இயக்குநர் காவ்கிட்ட சண்டை போட்டேன். அக்கா தம்பி கையப் பிடிச்சிருக்கணும், விடணும், அது இல்லாம கதையே இல்லன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? அம்மா, அந்தப் பொண்ணால சிலைய ஒரு கைல தூக்க முடியல, உங்க வீட்டுச் சிலை கனத்துக்கே அளவெடுத்து கற்பூர மரத்துல செஞ்சோம், ஒரு கைல குடுத்தா மூணு தடவ கீழ போட்டுட்டா, ரெண்டு கையாலயும் அணைச்சுக்கட்டும், பாக்கவும் அதான் அழகுன்னார். அழகு! அழகுக்காக என் கதையோட உயிர எடுத்துட்டார்.

– நீ அழறே.

– கோபம். … அக்கா என்ன பண்றா? எழுந்துட்டாளா?

– இல்ல. உக்காந்துதான் இருக்காங்க. அசையல. கூடைய ரெண்டு பக்கமும் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க.

– அழறாளா?

– இருட்டுல தெரியல. கேக்கற காவக்காரனத்தான் கேக்கணும்.

– படம் இன்னும் எவ்ளோ நேரம்?

– முடிஞ்சிடுச்சு. கடைசில பத்து நிமிஷம் சும்மா கடல்தான் காட்டறான். பேரு ஓடுது. … முன்ன எல்லாம் சாமி முன்னாடி எவளாவது குளிக்கற மாதிரி காட்சி வந்தா லென்ஸ உள்ளங்கையால மறைப்பேன். அம்மா பாக்கக் கூடாதுன்னு. முப்பத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் தோணுச்சு, கைய எடுத்துட்டு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விடலாமான்னு. … பெக்லியான்.

– ம்?

– திரும்பாத. அக்கா இங்க வர்றாங்க.

– வீட்டுக்குப் போகலியா?

– உஷ்.

– ஹோக்செங்.

– அக்கா! வாங்க, வாங்க. வெத்தல போடறீங்களா?

– வேணாம். அந்த இடத்த இன்னொரு தடவ போடு.

– எந்த இடம் அக்கா?

– ஆ-லியோங் ஓடற இடம். சிவப்புக் கோட்டு. குதிச்சுக் குதிச்சு ஓடறான்ல, அது.

– அக்கா, சாமிக்கு ஓட்டின படத்தப் பின்னாடி ஓட்டக் கூடாதே. எச்சில் சாப்பாட்ட மறுபடி பரிமாறற மாதிரி ஆயிடும். எங்க முதலாளி காலத்துலேருந்து…

– அம்மாகிட்ட நான் கேட்டுக்கறேன். சாமிகிட்ட உத்தரவு கேக்கற பிறைக்கட்டை ரெண்டும் எங்க? குடு. … மாட்சோ அம்மா, இவன் பயப்படறான். எங்க தம்பி ஓடறத இன்னொரு தடவ பாத்துக்கட்டுமா? …

– ஒண்ணு மல்லாக்க, ஒண்ணு குப்புற! ஒரே வீச்சுல சரின்னுட்டா!

– அவளுக்கும் பாக்கணும் போல இருக்கும். போடு.

– இதோ அக்கா. கொஞ்சம் தேடணும். … லேசா தூறல் விழுதே.

– அக்கா… படம் பிடிச்சுதா?

– ஹோக்செங், கேக்கறவங்ககிட்ட சொல்லு. பிடிச்சுது.

– கேட்டுச்சா பெக்லியான்? பிடிச்சுதாம்.

– கேட்டுச்சு அண்ணே. என்ன பிடிச்சுதுன்னு கேளுங்க.

– என்ன பிடிச்சு…

– காது இருக்கு எனக்கு. அவன் ஓடறான். அது பிடிச்சுது. நாப்பத்தேழு வருஷமா கண்ண மூடினா அவன் தண்ணிக்குள்ள போறதுதான் வரும். அதுக்கு முன்னாடி ஓடினானே, சிரிச்சானே, அது வரவே வராது. எங்கயோ தொலைச்சுட்டேன்னு நெனச்சேன். அந்த ஆள் எங்கேருந்து எடுத்தான்னு தெரியல. அப்படியே இருக்கு.

– அதாவது, அது வெறும் காட்சிதானே அண்ணே. உள்ள ஒண்ணும்…

– ஹோக்செங், அவங்ககிட்ட சொல்லு. அன்னைக்குத் தண்ணி அப்படித்தான் இருந்துச்சு. மேகம் பொளந்துச்சு. நிலா விழுந்துச்சு. ஊரே வெள்ளியா இருந்துச்சு. ஒரு நிமிஷம் நான் பயப்படவே மறந்துட்டேன். அவ்ளோ அழகா இருந்துச்சு. தம்பி சாகப் போற நேரத்துல அழகா இருந்துச்சுன்னு யார்கிட்ட சொல்ல முடியும்? நான் சொன்னதே இல்ல. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– …அது என் புத்தகத்துல இல்ல.

– இல்ல. அவங்க புத்தகத்துல தண்ணி கறுப்பு.

– அக்கா, நீ படிச்சியா? என் புத்தகத்த நீ படிச்சிருக்கியா?

– கிடைச்சிடுச்சு அக்கா! போடறேன். … இதோ.

– ஓடறான் பாரு. ஓடறான். என் ராஜா. கோட்டு தடுக்கும்டா, பாத்து.

– அண்ணே, மழை வலுக்குது.

– புரொஜெக்டர் மேல தார்ப்பாய் இருக்கு. ஓடட்டும். முடியட்டும். … அலை. போயிட்டான். இந்தத் தடவ இன்னும் அழகா இருந்துச்சு அக்கா.

– ஆமா. போதும். நிறுத்து. அம்மா நனையக் கூடாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். … வா தாயே. எழுந்திரு. … ஹோக்செங், என் குடையக் கொஞ்சம் என் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல செருகி விடு. கை ரெண்டும் நிறைஞ்சிருக்கு.

– அப்படிப் பிடிச்சா குடை பறந்துடும் அக்கா.

– அக்கா, நான் பிடிக்கறேன். இல்லேன்னா அம்மாவ ஒரு கைல இடுக்கிக்கிட்டு…

– ஒரு கைலயா? மாட்சோ அம்மாவையா? எழுத்தாளரம்மா, தைப்பேக்குப் போய் எல்லாத்தையும் மறந்துட்டியா? சந்தைப் பையா அது, இடுக்கிக்கிட்டுப் போக? நடக்கப் பழகற பிள்ளைக்குக்கூட முதல்ல சொல்லிக் குடுக்கறது அதுதானே, சாமிய ரெண்டு கையாலயும் ஏந்தணும்னு. கனம் வேற என்ன கனம்! போன வருஷம் ஊர்வலத்துல நான் தூக்கினேன், தோள் விட்டுப் போச்சு.

– மறக்கல. இல்ல, மறந்துட்டேன். சும்மா சொன்னேன்… அண்ணே.

– என்ன?

– அந்தச் சினிமாப் பொண்ணால ஒரு கைல தூக்க முடியல. மூணு தடவ கீழ போட்டுட்டா.

– அதான் நீயே சொன்னியே.

– அவளுக்குப் பதினாலு வயசு. அக்காவுக்கு அன்னைக்குப் பன்னெண்டு. … அக்கா. நில்லு. அன்னைக்கு இவள எப்படித் தூக்கினே?

– ஹோக்செங், குடைய விரி. நான் கிளம்பறேன்.

– அக்கா, ஒரு கைலயா ரெண்டு கைலயா?

– தண்ணி வர்ற நேரத்துல எவ்ளோ கனம்னாலும் தூக்கலாம்னு சொல்லு அவங்ககிட்ட.

– அண்ணன் நடுவுல வேணாம். எங்கிட்ட சொல்லு. இவள நெஞ்சுல அணைச்சுக்கிட்டு நிக்கறல்ல, இவ முகத்தப் பாத்துச் சொல்லு. இடது கைல இவ, வலது கைல தம்பின்னு சொல்லு.

– பெக்லியான், விட்டுடு. அக்கா அம்மா முகத்தப் பாக்காம அவள இன்னும் இறுக்கி அணைச்சுக்கறாங்க.

– ரெண்டு கையும் நிறைஞ்சிருந்துச்சு. இப்ப நிக்கற மாதிரியேதான் அன்னைக்கும் நின்னா அண்ணே. அப்ப தம்பிய எந்தக் கையால பிடிச்சிருப்பா? … என் ஒரு கைல உன் சட்டை. இன்னொரு கைல…

– மழை ஏறுது. நான் போறேன்.

– ரெண்டு முஷ்டி அண்ணே. திரை முழுக்கக் காட்டினாங்களே. ரெண்டு கையாலயும் சட்டையப் பிடிச்சிருந்தேன்னு நான்தானே எழுதினேன்? எல்லாரும் புகழ்ந்த வரி. பிள்ளைங்க மனப்பாடம் பண்ற வரி. அதுக்கு முந்தின நிமிஷம் அந்த ரெண்டாவது கைல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. இயக்குநருக்கு அது அழகா இருந்துச்சு. எனக்கும் அழகா இருந்துச்சு.

– பெக்லியான், உக்காரு. இந்தா ஸ்டூல்.

– சின்ன விரல் அண்ணே. ஈரம். வழுக்கிச்சு. இல்ல, வழுக்கல. சட்டைய இன்னும் கெட்டியாப் பிடிக்கணும்னு இருந்துச்சு. ரெண்டு கையும் வேணும்னு இருந்துச்சு. … அக்கா, நம்ம அம்மா வந்து கேட்டப்ப, தம்பி கைய விட்டது நீதான்னு ஏன் சொன்னே? ஒரு வருஷம் அம்மா உன் கையால சோறு வாங்கிச் சாப்பிடல. ஊரே உன்னைச் சொல்லிச்சு. நான் புத்தகமே எழுதினேன். உன்ன மன்னிச்சேன்னு எழுதினேன்! அதுக்குப் பரிசு வாங்கினேன்! அந்தக் கோபத்துலதானே பதினோரு வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம இருந்தே?

– கோபமா? அடி பைத்தியம், உனக்கு அஞ்சு வயசுடி. உன்கூட உக்காந்து பேச ஆரம்பிச்சா என்னைக்காவது வாய் தவறி உண்மை வந்துடும்னு பயந்துதான் பேசாம இருந்தேன்.